பம்ப் என்ஜின் எண்ணெய் டாங்க்: சிறு பாகங்களைத் தேடி வாங்குவது எப்படி?

கிணற்றிலோ குட்டையிலோ தண்ணீர் இருந்தும், பம்ப் என்ஜின் ஓடாததால் பயிர் வாடுவது சிறு விவசாயிகளுக்குப் புதிதல்ல. நிலக்கடலையில் விழுது இறங்கும் சமயத்திலோ, கத்திரி பூத்துக் காய் பிடிக்கும் சமயத்திலோ நீர்ப் பாய்ச்சல் தவறினால் மகசூல் குறைந்துவிடும். என்ஜினைப் பிரித்துப் பார்த்தால் பிஸ்டனும் ரிங்கும் நன்றாகவே இருக்கும். கெட்டுப் போனது எண்ணெய் டாங்கின் மூடியாகவோ, அடியிலுள்ள திருகாகவோ, ஒரு சாண் நீள ரப்பர் டியூபாகவோ இருக்கும். சில ரூபாய் பெறும் அந்தப் பாகம் ஊரில் கிடைக்காது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் பஸ் ஏறிய பிறகும், "இந்த மாடல் இப்போது வருவதில்லைங்க" என்ற பதிலுடன் திரும்ப வேண்டியிருக்கும்.

இந்தத் தொல்லையில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம். டாங்கின் பாகங்களில் பல, ஒரே கம்பெனிக்கு மட்டும் உரியவை அல்ல. பாகத்தின் அளவு என்ன, மரை என்ன, அது எந்தப் பொருளால் ஆனது என்ற மூன்றும் தெரிந்தால், அதே வேலையைச் செய்யும் பாகத்தை வேறு கடையில், வேறு பெயரில் வாங்கிவிடலாம். கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லித் தேடுகிறவர் அலைய வேண்டியிருக்கும். அளவையும் சேர்த்துச் சொல்லித் தேடுகிறவருக்கு அலைச்சல் குறையும்.

பாலாற்றுப் பகுதியில் சிறு பம்ப்செட்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் 2019 வரை ஒன்றாக இருந்த பகுதி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு அளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு பற்றியும் ஆற்றைச் சீர்படுத்துவது பற்றியும் 2025 ஜனவரி 30-இல் மீண்டும் ஒரு தீர்ப்பு வந்தது.

கிணற்று நீர் உப்பாகிப் போன இடத்தில், கிணற்றோடு பொருத்திய மின் மோட்டாரால் பயன் இல்லை. நல்ல தண்ணீர் ஏரியிலோ, பண்ணைக் குட்டையிலோ, பக்கத்து நிலத்துக் கிணற்றிலோ இருந்தால் அங்கே கொண்டு போய் இறைக்க வேண்டியிருக்கிறது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் உண்டு என்றாலும் எல்லா நீர்நிலைகளிலும் மின் இணைப்பு இருப்பதில்லை. ஆகவே இருவர் தூக்கிச் செல்லக்கூடிய சிறு பம்ப்செட், சிறு விவசாயிக்கு இன்றும் கைகொடுக்கிறது.

ஆனால் தூக்கிச் செல்லும் என்ஜினுக்கு ஒரு குறை உண்டு. சைக்கிளிலும் வண்டியிலும் கட்டி எடுத்துச் செல்லும்போது டாங்க் இடிபடுகிறது. மூடி தொலைகிறது. டியூப் இழுபட்டு வெடிக்கிறது. மண்ணும் தூசியும் உள்ளே போகின்றன. ஒரே இடத்தில் நிற்கும் என்ஜினை விட இதன் டாங்க் பாகங்கள் சீக்கிரம் கெடுகின்றன.

டாங்கில் உள்ள பாகங்கள்

மூடியிலிருந்து தொடங்கினால், முதலில் மூடியும் அதன் உள்ளே உள்ள வாஷரும். மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும். வாய்ப் பகுதியில் ஒரு சல்லடை. டாங்கின் அடியில் எண்ணெயைத் திறந்து மூடும் திருகு. கடைகளில் இதைப் பெட்ரோல் காக் என்று கேட்கலாம். சிலவற்றில் காக்கின் கீழே தண்ணீரும் அழுக்கும் தங்குவதற்கு ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அங்கிருந்து ரப்பர் டியூப், இரு முனையிலும் கிளிப், நடுவில் பில்டர். பிறகு கார்புரேட்டர்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய என்ஜின்களில் டாங்க் இரு அறையாக இருக்கும். சிறிய அறையில் பெட்ரோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய். இரண்டுக்கும் பொதுவாக மூன்று வழிக் காக் ஒன்று இருக்கும். டீசல் என்ஜினில் கார்புரேட்டர் இல்லை. டாங்கிலிருந்து பில்டர், அங்கிருந்து எண்ணெய் பம்ப், பிறகு நாசில் என்று போகும். நாசிலில் மிஞ்சும் டீசல் டாங்குக்குத் திரும்ப ஒரு சிறு குழாயும் உண்டு.

எது கெட்டது என்று முதலில் அறிய வேண்டும்

பாகம் வாங்கப் புறப்படுவதற்கு முன் எது கெட்டது என்பதை நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நல்ல கார்புரேட்டரை மாற்றிவிட்டு, கெட்ட மூடியுடன் திரும்ப நேரும். பெட்ரோல், மண்ணெண்ணெய் என்ஜின்களுக்குச் சோதனை எளிது.

என்ஜின் நன்றாகக் கிளம்பி, சிறிது நேரம் ஓடிய பிறகு மூச்சுத் திணறி நின்றால் முதலில் டாங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். காற்று உள்ளே போகும் "உஸ்" என்ற சத்தம் கேட்டு, பிறகு என்ஜின் கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். டாங்கிலிருந்து எண்ணெய் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் எண்ணெய் இறங்காது. மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்தால் போதும். புது மூடி தேவையில்லை. மூடி தொலைந்துவிட்டதென்று பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை வரும்.

மூடியைத் திறந்தும் சரியாகவில்லை என்றால், ஆறிய என்ஜினில் டியூபைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, ஒரு பாட்டிலில் விட்டு, காக்கைத் திறக்க வேண்டும். எண்ணெய் விடாமல் ஒழுகினால் டாங்க் பக்கம் குறை இல்லை. சொட்டுச் சொட்டாக வந்தால் பில்டரைக் கழற்றிவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அப்போது நன்றாக வந்தால் பில்டர் அடைப்பு. அப்போதும் வராவிட்டால் காக்கில் அல்லது டாங்கினுள் சல்லடையில் அடைப்பு. பாட்டிலில் பிடித்த எண்ணெயைச் சிறிது நேரம் வைத்துப் பார்த்தால் அடியில் தண்ணீரோ துருவோ தெரியும். கால் மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனை, ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். சோதனை செய்யும் இடத்தில் பீடியோ நெருப்போ இருக்கக் கூடாது.

தோல் வாஷர் வேண்டாம்

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் வெட்டுத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. டாங்க் மூடிக்கோ காக்குக்கோ வாஷர் கிடைக்காதபோது ஒரு தோல் துண்டை வட்டமாக வெட்டிப் போடலாம் என்று தோன்றுவது இயற்கை. கைப்பம்பில் தோல் வாஷர் நன்றாக வேலை செய்ததைக் கண்டவர்களுக்கு இந்த எண்ணம் சீக்கிரமே வரும்.

கைப்பம்பின் கதை வேறு. 1970-களில் உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பில் கிண்ண வடிவத் தோல் வாஷர் பொருத்தப்பட்டது. தோல் தண்ணீரில் ஊறிப் பருத்து, சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும், தண்ணீரைத் தூக்கும். அங்கே கூட அது நிலைக்கவில்லை. 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர்ப் பகுதியில் கைப்பம்புகளை வைத்து நடந்த கள ஆய்வில், தோலை விட நைட்ரைல் ரப்பர் வாஷர் அதிக நாள் உழைப்பது தெரிந்தது. அதன் பிறகு வந்த மார்க் 3 பம்பில் நைட்ரைல் வாஷரே இடம் பெற்றது.

பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் தோல் நேர்மாறாக நடந்துகொள்கிறது. தோலைப் பதனிடும்போது அதில் ஏற்றிய கொழுப்பை இவை கரைத்து எடுத்துவிடுகின்றன. தோல் காய்ந்து, சுருங்கி, அட்டை போல் விறைத்துவிடும். விளிம்பிலிருந்து பிரியும் நார், கார்புரேட்டரின் ஊசித் துளைக்குப் போய் அடைக்கும். ஒழுக்கை நிறுத்தப் போட்ட வாஷரே புது ஒழுக்குக்கும் அடைப்புக்கும் காரணமாகிவிடும்.

செருப்புக் கம்பெனிகளில் பயன்படும் ஒட்டுப் பசையும் அப்படியே. தோலையும் ரப்பரையும் இறுகப் பிடிக்கும் அந்தப் பசை, பெட்ரோல் பட்டால் இளகிவிடும். டாங்க் ஒழுக்குக்கு அதைத் தடவுவது வீண். அடிப்பாகத்துக்கான ரப்பர் ஷீட், பழைய சைக்கிள் டியூப் ஆகியவற்றிலிருந்து வெட்டிய வாஷரும் எண்ணெயில் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும்.

எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் வாஷர் அல்லது பைபர் வாஷர் ஏற்றது. டீசல் குழாய் இணைப்புகளில் செம்பு வாஷர் இருக்கும். பழைய செம்பு வாஷர் நசுங்கி இறுகிப் போயிருந்தால், அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மிருதுவாகும். மேல் கருப்பைத் துடைத்துவிட்டு ஒரு முறை பயன்படுத்தலாம். காய்ச்சுவதை எண்ணெய் டாங்கிலிருந்து வெகு தூரத்தில் செய்ய வேண்டும். பைபர் வாஷரை இப்படி மீண்டும் பயன்படுத்த முடியாது. கழற்றும்போதெல்லாம் புதிது போட வேண்டும்.

ஒரு நாள் ஊற வைத்துப் பார்க்கலாம்

கடையில் கொடுக்கும் ரப்பர் எந்த ரகம் என்பது பார்வைக்குத் தெரியாது. எல்லாம் கருப்பாகவே இருக்கும். வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. வாஷரையோ டியூபின் சிறு துண்டையோ காகிதத்தில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு என்ஜினில் ஊற்றும் அதே எண்ணெயில், மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் ஒரு நாள் ஊற வைக்க வேண்டும். அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது அவசியம். மறுநாள் எடுத்து அதே கோட்டின் மேல் வைத்தால், கோட்டைத் தாண்டிப் பெருத்திருக்கிறதா, பிசுபிசுக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று தெரியும். ஏறக்குறைய மாறாமல் இருப்பதே தகுந்த ரப்பர்.

கொத்தனார்கள் பயன்படுத்தும் லெவல் டியூப் போன்ற கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் டியூபைப் பலர் பொருத்திவிடுகின்றனர். எண்ணெய் ஓடுவது கண்ணுக்குத் தெரியும் என்பதே அதன் நன்மை. பெட்ரோலில் அது சில நாட்களில் மஞ்சளாகி, விறைத்து, கிளிப் இருக்கும் இடத்தில் வெடித்துவிடும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் நேரக்கூடிய விபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது நாட்டில் 2022-இல் 10 சதவீதத்தையும், 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. பழைய என்ஜின்களின் ரப்பர் பாகங்கள் சில இந்தக் கலப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதிப் போகலாம் அல்லது வெடிக்கலாம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். காக் அடியிலிருந்து எடுப்பதால் முதலில் அதுவே கார்புரேட்டருக்குப் போகும். ஆகவே டியூப் வாங்கும்போது எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்குவது நலம். 2023 ஏப்ரல் முதல் வந்த இரு சக்கர வாகனங்களில் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பாகங்கள் பொருத்தப்படுவதால், அந்த வண்டிகளுக்கான டியூபை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்கலாம்.

அளவு எடுக்கும் முறை

டியூபுக்கு உள் விட்டமே முக்கியம். டியூப் ஏறும் பித்தளை முனையின் வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அதற்கேற்ற டியூப் வாங்க வேண்டும். தளர்ந்த டியூபைக் கம்பி முறுக்கி இறுக்கினால் கம்பி ரப்பரை அறுத்துவிடும். கிளிப் போடுவதே சரி. நீளம் வாங்கும்போது பழைய டியூபை விட நான்கு விரல் கூடுதலாக வாங்கி, மடிப்பு விழாமல் வெட்டிப் பொருத்த வேண்டும். மடங்கிய டியூபும் அடைத்த டியூபும் ஒன்றே.

காக் வாங்குவதில்தான் ஏமாற்றம் அதிகம். காரணம் மரை. பழைய பிரிட்டிஷ் மாதிரியில் செய்த என்ஜின்களில் அங்குலக் கணக்கு மரையும், பிற்காலத்து என்ஜின்களில் மில்லிமீட்டர் மரையும் இருக்கும். அங்குலக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. குழாய் மரையில் "கால் அங்குலம்" என்பது மரையின் வெளி விட்டம் அல்ல. கால் அங்குலக் குழாய் மரையின் வெளி விட்டம் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்கும் சற்று அதிகம். ஸ்கேலால் அளந்து "அரை அங்குலக் காக்" என்று கேட்டால், கடைக்காரர் அதை விடப் பெரிய குழாய் மரைக் காக்கை எடுத்துக் கொடுத்துவிடுவார். அளவை வாயால் சொல்வதை விடப் பழைய காக்கைக் கையோடு எடுத்துச் செல்வதே சிறந்த வழி.

பழைய காக்கும் போய்விட்டது என்றால், அது ஏறும் நட்டையாவது எடுத்துச் செல்ல வேண்டும். கடையிலேயே புதுக் காக்கை நட்டில் விரலால் திருகிப் பார்க்கலாம். மூன்று சுற்று தடையின்றி ஏறினால் மரை பொருந்துகிறது. ஒன்றரைச் சுற்றில் இறுகினால் அது வேறு மரை. ஸ்பானர் போட்டு முறுக்கி ஏற்றினால் டாங்கின் மரையே அழிந்துவிடும். பிறகு டாங்கையே மாற்ற வேண்டியதாகும். நட்டும் டாங்கோடு ஒட்டியிருந்தால் டாங்கைக் கழற்றி, எண்ணெயை முழுதும் வடித்துவிட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

மரையில் வெள்ளை டேப் சுற்றுகிறவர்கள் முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் டேப்பின் நூல் பிரிந்து உள்ளே போகும்.

எங்கே கேட்பது?

என்ஜினில் ஆணி அடித்த தகட்டில் கம்பெனி, மாடல், என்ஜின் எண் ஆகியவை இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதியும், செல்போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ள வேண்டும். தகடு எண்ணெயில் அழிவதற்கு முன் இதைச் செய்வது நல்லது.

பெயர் தெரியாத கம்பெனிகளின் சிறு பெட்ரோல் பம்ப்செட்டுகள் இப்போது ஏராளம். அவற்றில் 168 எஃப், 170 எஃப் என்று எழுதியிருக்கும். இதில் முதல் எண் ஒரு சிலிண்டர் என்பதையும், அடுத்த இரண்டு எண்கள் சிலிண்டர் விட்டம் 68 அல்லது 70 மில்லிமீட்டர் என்பதையும் காட்டும். 168 எஃப் வகை, பெயர் பெற்ற ஒரு ஜப்பானிய என்ஜினின் மாதிரியில் பல தொழிற்சாலைகளில் செய்யப்படுவது. ஆகவே ஒரு கம்பெனியின் டாங்க் மூடியும் காக்கும் இன்னொரு கம்பெனி என்ஜினுக்குப் பெரும்பாலும் பொருந்தும். கடையில் கம்பெனிப் பெயரைச் சொல்லிப் பயன் இல்லாவிட்டால், "168 எஃப் டாங்க் மூடி" என்று கேட்க வேண்டும். பவர் ஸ்பிரேயர், களை எடுக்கும் கருவி, சிறு ஜெனரேட்டர் விற்கும் கடைகளிலும் அது கிடைக்கலாம்.

டீசல் என்ஜின்களிலும் இதே நிலைதான். குஜராத்தின் ராஜ்கோட் நகரில் லிஸ்டர் வகை, பீட்டர் வகை என்ஜின்கள் பல பட்டறைகளில் ஒரே மாதிரியில் தயாராகி நாடெங்கும் போயின. தகட்டில் உள்ள பெயர் எதுவானாலும், எந்த வகை என்று சொன்னால் பாகம் கிடைக்க வழி உண்டு.

டியூப், கிளிப், பில்டர், சாதாரணக் காக் ஆகியவற்றுக்கு முதலில் இரு சக்கர வாகன, ஆட்டோ ஸ்பேர் கடைகளை அணுகலாம். இவை வேலூர், ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி எங்கும் உள்ளன. அங்கே கிடைக்காத மூடியும் மூன்று வழிக் காக்கும் பழைய என்ஜின் வாங்கி உடைப்பவர்களிடம் இருக்கலாம். சென்னை செல்கிறவர்கள் புதுப்பேட்டையில் பழைய பாகங்களையும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுப் பாகங்களையும் பார்க்கலாம். எங்கும் கிடைக்காத பித்தளை முனையைப் பழைய மாதிரியைக் காட்டி லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம்.

மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால் இரு அறை டாங்க் உள்ள என்ஜினை முழுதும் பெட்ரோலிலேயே ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் மூன்று வழிக் காக்குக்காக அலையத் தேவையில்லை. மெக்கானிக்கைக் கொண்டு பெரிய அறையைக் கழுவி, ஒரு வழிக் காக் பொருத்தி, சிறிய அறையின் துளையை அடைத்துவிடலாம்.

படகு டாங்கிலிருந்து ஒரு பாடம்

இதே பாலாறு வயலூர் அருகே கடலில் கலக்கிறது. தமிழகக் கடற்கரையில் வெளிப்புற மோட்டார் பொருத்திய படகுகளில் எண்ணெய் டாங்க் தனியாக, தூக்கி வைக்கும் கேனாக இருப்பதுண்டு. மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் தொல்லை ஒன்றே: மூடி, டியூப், இணைப்பு முனை.

படகு டாங்கின் மூடியில் காற்றுத் துளைக்குத் தனித் திருகு இருக்கும். ஓட்டும்போது அதைத் திறக்க வேண்டும். தூக்கிச் செல்லும்போது மூட வேண்டும். திறக்க மறந்தால் நடுக்கடலில் மோட்டார் நின்றுவிடும். வயலில் மூடித் துளை அடைத்து நிற்பதும் இதுவே. இணைப்பு முனைகள் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; டியூபும் கிளிப்பும் பொதுவானவை. கெட்டுப் போனது டியூப் என்றால், நல்ல முனைகளை வைத்துக்கொண்டு டியூபை மட்டும் மாற்றலாம்.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. படகில் டாங்க் கீழே இருக்கும். மோட்டாரில் உள்ள பம்ப் எண்ணெயை மேலே இழுக்கும். முதலில் எண்ணெய் ஏற்ற, டியூபின் நடுவே ரப்பர் உருண்டை ஒன்று உண்டு. அதன் மேலுள்ள அம்புக்குறி மோட்டாரை நோக்கி இருக்க வேண்டும். சிறு பம்ப் என்ஜின்களில் பெரும்பாலானவற்றில் இப்படி இழுக்கும் பம்ப் கிடையாது. எண்ணெய் தன் எடையாலேயே இறங்குகிறது. ஆகவே துருப்பிடித்த டாங்குக்குப் பதிலாகத் தனி டாங்க் வைக்க நினைப்பவர்கள், அதன் அடிப்பாகம் கார்புரேட்டரை விட உயரத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் உறுதியாகப் பொருத்த வேண்டும். சைலன்சரின் சூடு படாமல் இருக்க வேண்டும். கேனைத் தரையில் வைத்தால் என்ஜின் ஓடாது. குடிதண்ணீர்க் கேனும் இதற்கு உதவாது. எண்ணெய்க்கென்று செய்த டாங்கையே வாங்க வேண்டும்.

ஓட்டை விழுந்த டாங்க்

பாய்ச்சல் நடுவில் டாங்கில் ஊசி ஓட்டை விழுந்தால் என்ஜினை உடனே நிறுத்தி ஆற விட வேண்டும். பிறகு துணி துவைக்கும் பார் சோப்பை அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தால் ஒழுக்கு நிற்கும். சோப்பு பெட்ரோலில் கரைவதில்லை. லாரி ஓட்டுநர்கள் அறிந்த இந்த உபாயம், டாங்கைப் பத்திரமாக வடித்து வீடு சேர்க்கும் வரை மட்டுமே. ஒழுகும் டாங்கோடு என்ஜினை ஓட்டக் கூடாது.

நிலையான அடைப்புக்கு டாங்கைக் காலி செய்து, துருவைத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, பெட்ரோலைத் தாங்கும் எபாக்சிப் பசை பூசலாம். பற்றவைப்பது என்றால் எச்சரிக்கை தேவை. காலி டாங்கில் தங்கிய ஆவி, நிறைந்த டாங்கை விட ஆபத்தானது. தீப்பொறி பட்டால் வெடிக்கும். இந்த வேலையை அனுபவமுள்ள டாங்க் பட்டறையிடமே விட வேண்டும். அவசரத்துக்கு ஊர் வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிடக் கூடாது.

உள்ளே துருப்பிடித்த டாங்கில் கைப்பிடி அளவு சிறு நட்டுகளையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கிக் கொட்டினால் துரு உதிரும். பிறகு இரண்டு முறை அலச வேண்டும். போட்ட நட்டுகளை எண்ணி எடுத்துவிட வேண்டும்.

வேறு இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. டியூபை வாயில் வைத்து எண்ணெய் உறிஞ்சக் கூடாது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நீர் ஆழத்தில் இருக்கிறது என்று என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு நிறமும் மணமும் இல்லாதது. கிணற்றுக்குள் தங்கி, இறங்குகிறவரையும் அவரைக் காப்பாற்ற இறங்குகிறவரையும் கொன்றுவிடும்.

ஐந்து பேருக்கு ஒரு பெட்டி

ஒரே வகை என்ஜின் வைத்திருக்கும் நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு சிறு பெட்டியில் பாகங்களை வாங்கி வைப்பது நல்ல ஏற்பாடு. டாங்க் மூடி ஒன்று, காக் ஒன்று, டியூப் இரண்டு மீட்டர், கிளிப் எட்டு, பில்டர் இரண்டு, வாஷர் செட் இரண்டு போதும். எடுத்தவர் அடுத்த சந்தை நாளுக்குள் அதே பாகத்தை வாங்கி வைத்துவிட வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம். டியூபும் ரப்பர் வாஷரும் வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும்.

பாசனம் முடிந்து என்ஜினை நிறுத்தி வைக்கும்போது பெட்ரோல் டாங்கை முழுதும் வடித்துவிட்டு, கார்புரேட்டரில் உள்ளதும் தீரும் வரை ஓட்டி நிறுத்த வேண்டும். டீசல் டாங்கை நிரப்பி வைப்பது நல்லது. காலி இடத்தில் ஈரம் படிந்து துரு ஏறும். மூடியைத் துணியால் கட்டித் தூசி போகாமல் காக்க வேண்டும். அடுத்த போகத்துக்கு எடுக்கும்போது முதலில் டியூபை வளைத்துப் பார்த்து, வெடிப்புத் தெரிந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

பம்ப்செட் பராமரிப்பில் சந்தேகம் உள்ளவர்கள் மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும், விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது கெட்ட பாகத்தையும், என்ஜின் எண் எழுதிய நோட்டையும் கையோடு கொண்டு போவது நல்லது. ஓடும் தேருக்கு அச்சாணி எப்படியோ, பம்ப் என்ஜினுக்கு டாங்கின் சிறு பாகங்கள் அப்படி. பயிர் தண்ணீர் கேட்கும் நாளில் அவற்றைத் தேடி அலையாமல், வேலை இல்லாத நாளில் வாங்கி வைப்பதே சிக்கனம்.